பெயர் போடாத புத்தகம்

பைபிள்களுக்கு அட்டை கட்டும் பட்டறையில் தொடங்கி எடின்பரோ நகரின் பெரிய பதிப்பாளராக உயர்ந்த ஈவன் கார்மைக்கேல், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்ட கதை இது. நடந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில். கவனமாகக் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

ஒரு மலைக்கிராமத்துப் போதகரின் மனைவி இசபெல் அம்மையார் அவரிடம் ஒரு நாவலைக் கொண்டுவந்தார். அவ்வூர்ச் சபை மூப்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட சண்டை ஒன்று அதில் அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேசையில் கணவர் சொல்லிச் சிரித்தது.

"என் பெயர் தெரிந்தால் அவர் வேலை போய்விடும்."

யாருக்கும் சொல்வதில்லையென்று பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தார் கார்மைக்கேல். புத்தகம் பெயரில்லாமல் வந்தது. அதற்குள் போதகர் குடும்பம் வேறு சபைக்கு, தொலைவிலுள்ள ஆர்க்னி தீவுக்குப் போய்விட்டது.

அந்தச் சண்டையின்போது அறைக்குள் இருந்தவர்கள் மூப்பர்கள், போதகர், பள்ளி வாத்தியார் மங்கோ மட்டுமே. அந்நாட்டில் கிராமத்து வாத்தியார்தான் சபைக் கூட்டத்துக்கும் குறிப்பெழுதுவார். புத்தகத்தில் இருப்பது தங்கள் ஊர்ச் சண்டைதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. கல்யாண விருந்தொன்றில் மங்கோ, "எழுதியது யாரென்று நினைக்கிறீர்கள்?" என்று மீசையைத் தடவினார். மூப்பர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு மாதத்துக்குள் அவர் எழுதவில்லையென்று நிரூபிக்காவிட்டால் வேலை கிடையாது என்றார்கள்.

மங்கோ எடின்பரோவுக்கு ஓடிவந்தார்.

"சும்மா பெருமைக்குச் சொன்னேன் ஐயா. நான் இல்லையென்று ஒரு வரி எழுதித் தாருங்கள். நாலு பிள்ளைகள். குடியிருப்பதே பள்ளிக்கூடத்து வீட்டில்."

"எழுதிவிட்டு ஒளிபவர்களைப் பார்த்திருக்கிறேன், வாத்தியாரே. எழுதாமல் அகப்பட்டவர் நீர் ஒருவர்தான்."

சொன்னாரே தவிர, கார்மைக்கேலுக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் இல்லையென்றால் வேறு யார்? மூப்பர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்களா? மிஞ்சுவது போதகர் வீடு. 'இல்லை' என்றாலே சத்தியம் உடைந்துவிடும்.

அப்போது இசபெலின் இரண்டாம் நாவல் அச்சில் இருந்தது. வாரந்தோறும் கப்பலில் ஆர்க்னிக்குப் புரூஃப் போகும், திருத்தி வரும். ஒவ்வொரு கட்டோடும் கார்மைக்கேல் கடிதம் வைப்பார். இந்தக் காற்புள்ளி தேவையா, அந்த அத்தியாயத்துக்கு வேறு தலைப்பு உண்டா என்று. அந்த மாதமும் நான்கு கடிதங்கள் போயின.

கெடு முடிந்தது. கார்மைக்கேல் அந்த ஒரு வரியை எழுதித் தரவில்லை. மங்கோ சட்டி பானைகளையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றினார்.

பொய்ப் பெருமை பேசிய மங்கோ, சத்தியம் வாங்கிய இசபெல், அதைக் காத்த கார்மைக்கேல். இவர்களில் யார் செய்தது தவறு?

விடை: கார்மைக்கேல். சத்தியம் வாங்கியவர் நினைத்தால் அதிலிருந்து அவரை விடுவிக்கலாம். இசபெல் சம்மதித்திருப்பாரா, தெரியாது. கேட்டிருந்தால் பயந்துபோய் இரண்டாம் நாவலையே நிறுத்தியிருக்கலாம். அது கார்மைக்கேலுக்கும் தெரியும். அதனால்தான் நான்கு கடிதங்களிலும் காற்புள்ளியைப் பற்றி எழுதினார்.