பேச்சியம்மாள் டிபன் வண்டி

குருவைவிடச் சீடருக்குப் பதினாறு வயது கூடுதல். மனுஷனுக்குக் கோபம் வர அது ஒன்றே போதும். கஜேந்திரனுக்கோ வேறு காரணங்களும் இருந்தன.

அவர் சிவகாசியில் காலண்டர் வடிவமைத்தவர். அவர் கை பட்ட லட்சுமியும் முருகனும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கியிருக்கிறார்கள். வண்டிகளுக்கு உடம்பு முழுக்க ஒட்டும் ஸ்டிக்கர் வடிவமைக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று திண்டுக்கல் பைபாஸில் இருக்கும் மெர்சியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து மெர்சி அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை. பழைய வண்டிகளில் சூடு காட்டி ஸ்டிக்கர் உரிக்கும் வேலையைத்தான் கொடுத்தார்.

“நான் டிசைனர் மேடம். உரிக்கிறதுக்கா வந்தேன்?”

“நேத்து ஒரு ஆம்னி வேன உரிச்சீங்களே சார், ஸ்டிக்கர் எந்த எடத்துல முதல்ல கிழிஞ்சிருந்துச்சு?”

“அதையெல்லாம் யாரு பாத்தா?”

“இன்னைக்கும் ஒரு வண்டி நிக்குது. உரிங்க.”

சீடர் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தார். குரு சீடரை சார் என்பார், சீடர் குருவை மேடம் என்பார். அந்த மேடம் அவர் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

இப்படி இருக்கும்போதுதான் பேச்சியம்மாள் ஒரு மினி வேனைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். வேனை டிபன் கடையாக மாற்றியிருந்தார்கள். உள்ளே அடுப்பு, தோசைக்கல், பாத்திரம் வைக்க மேடை. பக்கவாட்டில் அகலமாக ஒரு கதவு. அதைக் கீழிருந்து மேலே தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தால் கடை, இறக்கிவிட்டால் வண்டி.

“என்ன போடணும்க்கா?” என்றார் மெர்சி.

“என் பேரு போடணும். என் மூஞ்சியும் போடணும். நல்லாப் பெருசா.”

“மூஞ்சி எதுக்குக்கா?”

அவ்வளவுதான். அந்த அம்மாள் பொங்கிவிட்டார்.

“எதுக்கா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தினம் டிபன்னு ஒரு கடை இருக்கே, தெரியுமா? ரத்தினம் என் கொழுந்தன். மாவாட்டுனது நான், சட்னி அரைச்சது நான், அடுப்புல வெந்தது நான். அவன் கல்லாவுல உக்காந்து பல்லுக் குத்திக்கிட்டு இருந்தான். போர்டுல அவன் பேரு, அவன் போட்டோ. ‘ரத்தினம் கைப்பக்குவம் யாருக்கும் வராது’ன்னு என் முன்னாடியே சொல்லிட்டுப் போவாக. அவனும் சிரிச்சுக்குவான். ஒரு நாள் கேட்டேன், என் பேரையும் ஒரு ஓரமா எழுதேன்டான்னு. உன் பேரப் பாத்து யாரு வருவான்னு கேட்டான்.”

கஜேந்திரன் உரித்துக்கொண்டிருந்த ஸ்டிக்கரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“இப்ப பிரிஞ்சு வந்து என் பேருல வண்டி வாங்கிட்டேன். அதுக்கு ஊரு என்ன சொல்லுது தெரியுமா? ரத்தினம் ரெண்டாவது கடை போட்டுட்டாராம்!”

கேட்ட கஜேந்திரனுக்கே ரத்தம் கொதித்தது. ஒருத்தி காலமெல்லாம் அடுப்பில் வேகிறாள், பெயர் வாங்குகிறவன் வேறொருவன். ஊருக்கும் அதில் ஒரு கூச்சம் கிடையாது.

“மேடம், இத நான் பண்றேன்,” என்றார் கஜேந்திரன். இந்தத் தடவை அந்த மேடம் தடங்கலில்லாமல் வந்தது.

மெர்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பண்ணுங்க. முதல்ல வண்டியப் பாருங்க.”

கஜேந்திரன் வண்டியைப் பார்த்தார். நாலு பக்கமும் படம் எடுத்தார், டேப் வைத்து ஒவ்வொரு மூலையையும் அளந்தார். பேச்சியம்மாளை உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் சோறு தண்ணிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்த அகலமான கதவு முழுக்கப் பேச்சியம்மாளின் முகம். பின்னால் உதிக்கிற சூரியன். கீழே தங்க எழுத்தில் பெயர். ரத்தினம் பார்த்தால் வயிறு எரிந்து சாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் போட்டது.

மெர்சி திரையைப் பார்த்தார். “வண்டியப் பாத்தீங்களா சார்?”

“அங்குலம் அங்குலமா அளந்திருக்கேன் மேடம்.”

“அளந்தீங்க. பாத்தீங்களா?”

“அளக்கிறவன் கண்ண மூடிக்கிட்டா அளப்பான்?”

“சரி. பேப்பர்ல அடிச்சு, டேப் போட்டு வண்டியில ஒட்டுங்க. ஸ்டிக்கர் அப்புறம் அடிக்கலாம்.”

“பேப்பர்லயா? லட்சக்கணக்குல காலண்டர் அச்சடிச்சவன் நான். என் வேலைக்கு ஒரு ஒத்திகையா?”

மெர்சி போனை எடுத்தார். “அக்கா, நாளைக்குக் காலையில படம் பாக்க வாங்க. வரும்போது கொஞ்சம் தோசை மாவு கொண்டு வாங்க. சட்னியும்.”

படம் பார்க்க வருகிறவருக்கு மாவு எதற்கு? கேட்டால் அதற்கும் ஒரு ஸ்டிக்கர் உரிக்கச் சொல்வார் என்று கஜேந்திரன் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் வேன் பட்டறை வாசலில் சாலையைப் பார்த்து நின்றது. காகிதத்தில்தான் ஒட்டியிருந்தது என்றாலும் படம் ஜொலித்தது. பேச்சியம்மாள் மாவுத் தூக்கோடு வந்து எதிரே நின்றார்.

“நானா இது?” என்றார். “இம்புட்டுச் செவப்பா நான் என்னைக்கு இருந்தேன்?”

“அது கொஞ்சம் பளிச்சுன்னு தெரியணும்னு...” என்று கஜேந்திரன் இழுத்தார்.

“கெடக்கட்டும். என் பேரு இருக்குல்ல. அது போதும்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கஜேந்திரன் குருவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டினால் என்ன என்று அந்தப் பார்வை கேட்டது.

“பசிக்குதுக்கா,” என்றார் மெர்சி. “ஒரு தோசை ஊத்துங்க.”

பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே வேனுக்குள் ஏறி அடுப்பைப் பற்ற வைத்தார். உள்ளேயிருந்து இரண்டு கையாலும் கதவைத் தள்ளித் தூக்கிக் கம்பியால் முட்டுக் கொடுத்தார்.

முகம் கதவோடு மேலே போனது. சூரியனும் போனது, தங்க எழுத்தும் போனது. கஜேந்திரன் நின்ற இடத்திலிருந்து வெறும் தகரத்தின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு காக்காய் இறங்கி வந்து படத்தின் மேல் நடந்தது.

பேச்சியம்மாள் வெளியே எட்டிப் பார்த்தார். “என் மூஞ்சி எங்கய்யா?”

கஜேந்திரன் மேலே கை காட்டினார்.

“ஆகாசத்துக்கா காட்டப்போறேன்? காக்காய்க்கா தோசை விக்கப்போறேன்?”

“வண்டி மூடியிருக்கறப்போ எடுப்பா இருக்கும்மா...”

“மூடியிருக்கறப்போ நான் எங்கய்யா இருப்பேன்? வீட்ல குண்டான் கழுவிக்கிட்டு இருப்பேன்! கூட்டம் வர்ற நேரத்துல என் பேரக் காணோம், என் மூஞ்சியக் காணோம். அவன் கடையிலயும் இதேதான நடந்துச்சு? கைக்காசு போட்டு வண்டி வாங்கியும் எனக்கு இதே கதிதானா?”

கஜேந்திரனுக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்தச் சூட்டை அப்படியே குருவின் பக்கம் திருப்பினார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் மாவு கொண்டு வரச் சொல்லியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? அந்தம்மா மனசு என்ன பாடுபடுது பாருங்க!”

“வண்டியப் பாத்தீங்களான்னு ரெண்டு தடவ கேட்டேன் சார்.”

“கதவத் திறந்து பாருன்னு சொல்லலையே!”

“டிபன் வண்டி திறக்கும்னு நான் சொல்லணுமா?”

கஜேந்திரன் விடவில்லை. “சரி, கதவோட உள்பக்கம் ஒட்டுறேன். தூக்குனா கீழ நிக்கிறவனுக்கு நேரா தெரியும்.”

மெர்சி வேனுக்குள் கை காட்டினார். தோசைக்கல்லிலிருந்து ஆவியும் புகையும் எழுந்து நேராகக் கதவின் அடியில் போய் மோதிக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் உரிந்து தொங்கும் என்பது ஸ்டிக்கர் உரித்தே கை காய்த்துப்போன கஜேந்திரனுக்குச் சொல்லாமலே புரிந்தது.

“அப்ப கதவுக்குக் கீழ!”

அந்த நேரம் திறந்த கடையைப் பார்த்து ஒரு லோடு ஆட்டோ ஓரம் கட்டியது. டிரைவரும் கூட வந்த இரண்டு பேரும் இறங்கி வந்து வேனை ஒட்டி நின்றார்கள். கதவுக்குக் கீழே இருந்த தகரம் அவர்களுடைய கைலிகளுக்குப் பின்னால் மறைந்துபோனது.

“யக்கா, தோசை கெடைக்குமா?” என்றார் டிரைவர்.

“கெடைக்கும்.” கோபம் ஆறாத கை மாவை ஊற்றித் தேய்த்தது. ஓரம் முறுகி எழுந்ததும் மடித்துத் தட்டில் போட்டுச் சட்னி ஊற்றினார். முதல் தட்டு மெர்சிக்கு, அடுத்தது டிரைவருக்கு.

டிரைவர் ஒரு வாய் தின்றார். நின்று நிதானமாக இன்னொரு வாய் தின்றார். “இது பஸ் ஸ்டாண்டு ரத்தினம் கடை ருசியில்ல? ஆனா அங்க இப்ப வாயில வைக்க முடியல. ரத்தினம் வண்டியாக்கா இது?”

பேச்சியம்மாள் தோசைத் திருப்பியைக் கல்லில் ஓங்கித் தட்டினார்.

“இங்க நிமுந்து பாரு தம்பி. சுடுறது யாரு?”

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதான்.”

“அங்க சுட்டதும் நான்தான். இது என் வண்டி. போய் நாலு பேருகிட்டச் சொல்லு.”

“அப்படியாக்கா? இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சே. உங்க பேரென்னக்கா?”

“பேச்சியம்மா.”

“பேச்சியக்கா, இன்னும் ரெண்டு ஊத்துங்க.”

கஜேந்திரன் இதையெல்லாம் கேட்டார். ஆனாலும் கோபம் இறங்கவில்லை. மெர்சியின் பக்கத்தில் போய் நின்றார்.

“மேல ஒட்டுனா காக்காய் மிதிக்குது, உள்ள ஒட்டுனா உரியுது, கீழ ஒட்டுனா ஆளு மறைக்குது. அந்தம்மா கேட்டத எங்கதான் மேடம் போடுறது?”

“பேர டிரைவர் கதவுலயும் பின்பக்கமும் போடுங்க. பெருசாப் போடுங்க. தங்கக் கலரெல்லாம் வேணாம், தூரத்துல வர்றவன் படிக்கணும். வண்டி ஓடுனாலும் தெரியும், நின்னாலும் தெரியும்.”

“மூஞ்சி? இந்தப் பெரிய கதவு? இதுல என்ன போடுறது?”

“ஒண்ணும் வேணாம்.”

“ஒண்ணும் வேணாமா?” கஜேந்திரனின் குரல் உச்சத்துக்குப் போனது. “அந்தம்மா வயிறெரிஞ்சு வந்து மூஞ்சி தெரியணும்னு கேட்டாங்க. வண்டியிலேயே பெரிய எடம் இதுதான். இதப் போய்ச் சும்மா விடச் சொல்றீங்களே, நியாயமா?”

மெர்சி தட்டில் மிச்சமிருந்த சட்னியைத் துடைத்துத் தின்றார். பிறகு, உயர்த்திய கதவுக்கு அடியில் தெரிந்த திறப்பைப் பார்த்தார்.

“சும்மாவா இருக்கு? அங்கதான சார் அவங்க நிக்கிறாங்க.”