சக்கரத்துக் கரி

பஞ்சாலை முதலாளி வைரவநாதனுக்குத் தம் ஜெர்மன் காரைப் பற்றிப் பெருமை அதிகம். ஆனால் அதன் சக்கரங்களில் அன்றாடம் கரித்தூள் அப்பியது. பக்கத்து வீட்டு ஜப்பான் காரிலோ அவ்வளவு படிவதில்லை.

"எல்லாம் உன் சோம்பேறித்தனம்தான்யா! நாளைக்குக் கல்யாண மண்டபத்துல நான் இறங்கறப்ப துளி கரி இருந்தாலும் உனக்கு வேலை இல்லை" என்று ஓட்டுநர் செங்கோடனிடம் உறுமினார்.

"ஆகட்டுங்க" என்றார் செங்கோடன்.

மறுநாள் அதிகாலை, சக்கரங்களைப் பளபளவென்று துடைத்துவிட்டு, முதலாளியை ஏற்றிக்கொண்டு காலியான சாலையில் பிரேக்கைத் தொடாமல் மெல்ல ஓட்டி வந்தார். மண்டப வாசலில் பெண்வீட்டார் பன்னீர்ச் சொம்புடன் காத்திருந்தனர். கார் அவர்களைக் கடந்து ஊர்ந்தது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் கடந்தது.

"ஏய், நிறுத்துய்யா! எல்லாரும் சிரிக்கிறாங்க!"

"பிரேக் பிடிச்சா, சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கிற பேடு தேயுமுங்க. அந்தத் தூள்தானுங்க கரி. நம்ம வண்டிப் பேடு இறுக்கிப் பிடிக்கும், அதனால அதிகமாவே தேயும். கரி வேண்டாம்னா இப்படியே சுத்தீட்டு இருக்கலாமுங்க."

முதலாளிக்கு வியர்த்தது. "கரி இருந்துட்டுப் போகட்டும். நிறுத்துப்பா!"

கார் நின்றது. செங்கோடனின் வேலையும் தப்பியது.

அன்பர்களே, நம்மைக் காக்கத் தேய்பவர்மேல் படிந்த கரியைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் தேயாவிட்டால், நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கவே மாட்டோம்.