பட்டாணியைப் பற்றி ஒரு பக்கம்

ஏற்காட்டு மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. உபதேசம் வேண்டுகிறவர்கள் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, ஆசிரமத்தை நடத்தும் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். பக்கம் சரியாக இருந்தால் மறுநாள் அழைப்பு வரும். இல்லையென்றால் பக்கம் திரும்பி வரும்.

தில்லைநாயகத்தின் பக்கம் நான்கு முறை திரும்பி வந்திருந்தது.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சேலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். முப்பது வருடம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவர். மனைவி இறந்துபோன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்து மூன்று வருடமாகிறது. வரும்போது பையில் மிச்சமிருந்தவை சிவப்புப் பேனாக்கள்தான். அதனால் எதையும் சிவப்பில்தான் எழுதுவார்.

ஐந்தாவது முறை எழுதுவதற்குத் தாள் கேட்டு அவர் அம்மாவின் அறைக்குப் போனபோது, உள்ளே ஒரு நாய் குதித்துக்கொண்டிருந்தது.

தரையிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து ஜன்னல். ஜன்னலிலிருந்து தில்லைநாயகம்.

"என்னம்மா இது!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"ஜாக் ரஸ்ஸல் டெரியராம்" என்றார் அம்மா. "டாக்டர் வீட்டுக்காரங்க வெளிநாடு போறாங்க. விட்டுட்டுப் போயிட்டாங்க. புள்ளைங்க பட்டாணின்னு கூப்பிடுமாம்."

பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளை உடம்பு. இடது கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ காப்பியைச் சிந்திவிட்டதுபோலப் பழுப்பு. பாதி மடிந்த காதுகள். அது அவருடைய செருப்பை ஏற்கனவே கவ்விக்கொண்டிருந்தது.

"ஜெசிந்தா மேடம் கேட்டிருக்காங்க. அவங்க காப்பி குடோன்ல எலித் தொல்லை. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

"எங்கிட்டயா? நான் நாயே வளர்த்ததில்லையேம்மா."

"வளர்க்க வேண்டாம் வாத்தியாரே. தெரிஞ்சுக்கங்க, போதும். ஜெசிந்தா வரும்போது இவனைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

"அப்ப என் பக்கம்?"

"முதல்ல இந்தப் பக்கம்."

தில்லைநாயகம் ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தார்.

அன்று மாலை அம்மா கேட்டார்: "இன்னிக்கு நாயைப் பத்தி என்ன தெரிஞ்சுது?"

அவர் நோட்டைத் திறந்தார். சிவப்பில் வரிசை எண் போட்டிருந்தார்.

"ஒண்ணு, ஒரு நிமிஷம் சும்மா நிக்காது. ரெண்டு, குழி தோண்டுது. கறிவேப்பிலைக் கன்னு போச்சு. மூணு, கூப்பிட்டா வராது. நாலு, கூப்பிடாதப்ப வருது. அஞ்சு, பவளக்கொடியோட வெளக்கமாத்தைத் தூக்கிட்டு ஓடிருச்சு. ஆறு—"

"இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதது. நான் நாயைப் பத்திக் கேட்டேன்."

தில்லைநாயகம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஏழாவதும் எட்டாவதும் அதே மாதிரிதான் இருந்தன. நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் ஒரு அட்டவணை தயாரித்தார். ஐந்து மணிக்கு எழுப்புதல். ஐந்தரைக்கு நடை. ஆறு முதல் எட்டு வரை தியானக் கூடத்துத் தூணில் கட்டுதல். தனக்கு எவையெல்லாம் உண்டோ அவையெல்லாம் அதற்கும் உண்டு என்று எழுதி, தன் அறைக் கதவில், நாயின் உயரத்துக்கு ஒட்டினார்.

அதைப் பார்த்துச் சமையல்கட்டுப் பவளக்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, பத்தாங்கிளாஸ் பையன்னு நெனச்சுட்டீங்களா? பரீச்சைக்குப் படிக்க வெக்கறீங்களா?"

"ஒழுக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா."

"பாருங்க, ஒங்க ஒழுக்கத்தைத் திங்குது."

பட்டாணி அட்டவணையின் கீழ்ப்பாதியைத் தின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, தூணில் கட்டியிருந்த கயிறும் அறுந்தது. பட்டாணி கூடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் இறங்கிக் காப்பிச் செடிகளுக்குள் மறைந்தது. மௌன நேரம். எட்டு மணி அடிக்கும்வரை அந்த ஆசிரமத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

சரிவில் இறங்கி, மிளகுக் கொடிகளுக்குள் நுழைந்து, ஓடையைத் தாண்டி, மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நாய் போனது போனதுதான் என்று நினைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

பத்தடி தள்ளி, ஒரு சில்வர் ஓக் மரத்தின் வேரருகே பட்டாணி நின்றுகொண்டிருந்தது. வேருக்கடியில் ஒரு வளை. ஒரு முன்காலை மடக்கித் தூக்கியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வால்கூட ஆடவில்லை. மண்ணுக்குள் என்ன கேட்டதோ, உடம்பு முழுவதும் காதாகி நின்றது.

தில்லைநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்கம்தான். ஐந்து நிமிடம். பத்து. ஒரு இலை அதன் முதுகில் விழுந்தது. அது அசையவில்லை. பதினேழாவது நிமிடம் வளைக்குள் என்னவோ ஓடியது போலிருக்கிறது. அடுத்த நொடி பட்டாணியின் பின்பாதியும் வாலும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. செம்மண் அவர் முகத்தில் வந்து தெறித்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்த நோட்டை எடுத்தார். 'ஒரு நிமிஷம் சும்மா நிக்காது' என்ற முதல் வரியை அடித்தார். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய விடையை அடித்திருக்கிறார். தான் எழுதியதைத் தானே அடித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு என்ன தெரிஞ்சுது?" என்று அம்மா கேட்டார்.

"எலி வளையைக் கண்டா மூச்சுகூட விடாம நிக்குதும்மா. பதினேழு நிமிஷம்."

"பதினேழா?"

"வாட்ச் பாத்தேன்மா." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "நான் ஒரு நாள்கூட கூடத்துல அத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை. மூணு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு, யாரு இருமறாங்க, யாரு நெளியறாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அம்மா பக்கத்திலிருந்த தட்டை இழுத்தார். முறுக்கு ஒன்றை உடைத்தார். பாதி நாய்க்கு. பாதி அவருக்கு.

அதன் பிறகு அவர் கயிறு கட்டவில்லை. விடிந்ததும் பட்டாணி முன்னால் போகும், அவர் பின்னால் போவார். சிவப்புப் பேனா ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. மலையிறங்கிப் புதிது வாங்கிவர நேரமில்லை. பவளக்கொடியிடம் ஒரு பென்சிலை வாங்கி எழுதினார். இரண்டாம் நாளே பென்சிலில் பட்டாணியின் பல் பதிந்திருந்தது.

மாலையில் அம்மா கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவரே ஆரம்பித்துவிடுவார்.

"ரெண்டு காதும் நிமிர்ந்தா ஜீப் வருதுன்னு அர்த்தம்மா. வலது காது மட்டும்னா எலி. ரெண்டும் தொங்கிப் போச்சுன்னா பவளக்கொடி."

"நானா? நான் என்ன பண்ணேன் அதை?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"வெளக்கமாத்தை மறைச்சு வெச்சியே, அதைச் சொல்றான்."

மழை பெய்து விட்ட ஒரு காலை. கூடத்தில் முப்பது பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். தில்லைநாயகம் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தார். ஈரத்தோடு ஒரு தேரை கூடத்துக்குள் வந்தது. நிதானமாக, வீட்டுக்காரர் மாதிரி நடுவில் வந்து உட்கார்ந்தது.

பட்டாணி அதைப் பார்த்தது. வயிறு தரையில் பட ஊர்ந்து வந்து, மூக்கு தேரையின் மூக்கில் முட்டும்வரை போயிற்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. தேரை ஒரு அங்குலம் குதித்தது. பட்டாணி நாலடி உயரம் குதித்தது. இறங்கி, மானம் போனதை யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பி, நேராகத் தில்லைநாயகத்தின் திறந்திருந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தது.

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. குடம் உருண்டதுபோல, கல் விழுந்ததுபோல. அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தில்லைநாயகத்துக்கே விளங்கவில்லை. மனைவி போன நாளிலிருந்து அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அதற்குள் வாசலில் நின்ற பவளக்கொடி தொடங்கிவிட்டாள். பிறகு முன்வரிசை.

எட்டு மணி அடித்ததும் அவர் அம்மா முன்னால் போய் நின்றார்.

"மௌனத்தைக் கெடுத்துட்டேன். போன மாசம் தும்மினதுக்கே ஒருத்தரைப் பத்தி உங்ககிட்ட வந்து புகார் சொன்னவன் நான். இப்ப நானே…"

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"அந்தத் தேரைம்மா…" என்று ஆரம்பித்தவர், சொல்லத் தெரியாமல், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் தவழ்ந்து, பட்டாணி வந்த விதத்தை நடித்துக் காட்டினார். குதித்தும் காட்டினார், முழங்கால் விட்டவரைக்கும்.

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தேரையையும் எழுதுங்க வாத்தியாரே" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. சனிக்கிழமை மத்தியானம் தில்லைநாயகம் பக்கம் எழுத உட்கார்ந்தார். நாய் அவர் காலடியில், செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கியது.

எழுதினால்தான் அவர் பக்கத்துக்கு வழி. எழுதிக் கொடுத்தால் நாய் போய்விடும். பழைய நோட்டு எதிரிலேயே இருந்தது. அதிலுள்ள சிவப்பு வரிகளை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும். ஜெசிந்தா மேடம் இந்தச் சனியன் வேண்டாம் என்று திரும்பிப் போய்விடுவார். எடுத்துப் படித்தும் பார்த்தார். குழி தோண்டுவதும் துடைப்பமும் எல்லாம் நிஜம்தான். ஆனால் அதில் பட்டாணி இல்லை.

நோட்டைத் தள்ளிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

மறுநாள், இரவு பெய்த மழையின் ஈரம் காயுமுன்பே, ஜெசிந்தா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். ரப்பர் பூட்ஸ், ஆண்பிள்ளைச் சட்டை, உரத்த குரல். "எங்க என் எலிப் பொறி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தில்லைநாயகம் தாள்களை நீட்டினார். ஒரு பக்கம் அல்ல, ஒன்பது பக்கம்.

மேடம் நின்றுகொண்டே படிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். நான்காம் பக்கத்தில் உரக்கப் படித்தார்:

"'இடி இடித்தால் என் போர்வைக்குள் வந்துவிடுவான். காலையில் அதைப் பற்றிப் பேசக் கூடாது. அவனுக்குப் பிடிக்காது. தோண்டும்போது கூப்பிட்டால் வர மாட்டான். காது கேட்காமல் இல்லை, வேலையில் இருக்கிறான். முடித்துவிட்டு வருவான். மூக்கில் மண்ணோடு வந்து நிற்கும்போது என்ன கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றும் கிடைத்திருக்காது. ஆனாலும் கேளுங்கள்.'"

தில்லைநாயகம் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் தேரைவரைக்கும் படித்துவிட்டு எழுந்தார். "சார், நான் எலி பிடிக்கிறதுக்கு ஒரு நாய் கேட்டேன்."

"நல்லா பிடிப்பான் மேடம்." "சுறுசுறுப்பு. உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது."

"பிடிப்பான்னு தெரியுது. ஆனா என் குடோன்ல இவன் பதினேழு நிமிஷம் நிக்கறதை யாரு நின்னு பாப்பாங்க? அதுக்கு நான் ஒரு ஆளையே வேலைக்கு வெக்கணும்."

"அந்த ஆளுதான் இங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நிக்கறாரே" என்றாள் பவளக்கொடி.

"செம்மண் விழுந்துருச்சு" என்றார் தில்லைநாயகம்.

"ஆமா, மழை பேஞ்ச ஈரத்துல செம்மண் பறக்குது!"

மேடம் சிரித்துவிட்டார். "வியாழக்கிழமை தோறும் ஜீப் அனுப்பறேன். ரெண்டு பேரும் குடோனுக்கு வாங்க. எலி அவனுக்கு, காப்பி உங்களுக்கு."

ஜீப் கிளம்பியபோது பட்டாணி வளைவுவரை அதைத் துரத்திக்கொண்டு ஓடி, மலையை விட்டே விரட்டிவிட்ட பெருமையோடு திரும்பி வந்தது.

அம்மா ஒன்பது தாள்களையும் கையில் வைத்திருந்தார். "உங்க பக்கங்களை எடுத்துட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்த நான்கு பக்கங்களையும் தில்லைநாயகம் கொண்டுவந்தார். அம்மா அவற்றைப் பென்சில் தாள்களுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். அவர் குனிந்து பார்த்தார். ஒன்று, கோபம் வரும். இரண்டு, மனம் ஒரு இடத்தில் நிற்காது. மூன்று, பிறர் குறையே கண்ணில் படும். நான்கு, மனைவி இருந்தவரை அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் சிவப்பு. நான்கு பக்கத்திலும் அதே வரிசை எண்கள்.

"இதை யாரு எழுதினது?" என்று அம்மா கேட்டார்.

"நான்தாம்மா."

"அதை?"

தில்லைநாயகம் பென்சில் தாள்களைப் பார்த்தார். "அதுவும் நான்தான்."

அம்மா ஒரு புதிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதன்மேல் பல் பதிந்த பென்சிலை வைத்தார்.

"அதை எழுதினவரையே இதையும் எழுதச் சொல்லுங்க."

அவர் பென்சிலைக் கையில் எடுத்தார். மூக்கில் மண்ணோடு பட்டாணி வந்து அவர் மடியில் ஏறியது. "என்னடா கிடைச்சுது?" என்று அவர் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஒரு பக்கம் போதும்தானேம்மா?"

அம்மா நாயின் காதைத் தடவினார்.

"பட்டாணிக்கே ஒன்பது ஆச்சே வாத்தியாரே."