கொத்தனார் கேட்ட காவி

முதலில் எனக்குத் தவறு செய்தவன் என் மகன் இசக்கிராஜ். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நாங்கள் இருவரும் கொத்து வேலை பார்த்தோம். ஒரு வீட்டில் ஜன்னலுக்கு மேல் போட்ட சன்ஷேடு இடிந்து விழுந்தது. கீழே ஆள் இல்லை, அதனால் யாருக்கும் அடியில்லை. வீட்டுக்காரர் ஓடி வந்து, "இது யார் வேலை?" என்று கேட்டார். பதினெட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"அப்பா போட்டது" என்றான் இசக்கிராஜ்.

போட்டது நான்தான். கான்கிரீட் இறுகும் முன்னே, ஒன்பதாம் நாளே அடியில் தாங்கக் கொடுத்த முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்தவன் அவன். அடுத்த வேலைக்குக் கட்டை வேண்டும் என்று என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தோம்.

அதன்பிறகு யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவனைக் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாகிறது. "கட்டையை எடுத்தது நான்தான்" என்று அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவன் அம்மாவை எரித்துவிட்டு ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினோம். அப்போதும் சொல்லவில்லை.

அவள் இறந்த வருடமே நான் மடத்துக்கு வந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன மடம். ஏழு பேர் இருந்தோம். எங்கள் குரு என்னைவிட இருபது வயது இளைய பெண். ஊரார் அவரைக் குருவம்மா என்றார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்த மடத்தில் காவி வாங்கியவர் செத்தால் எரிப்பதில்லை. உட்கார வைத்துப் புதைப்பார்கள். சொந்தக்காரர்களுக்கு அங்கே வேலை கிடையாது. மகன் கொள்ளி வைக்க வேண்டியதில்லை.

அது தெரிந்த நாளிலிருந்து எனக்குக் காவி வேண்டியிருந்தது. என் பிணத்துக்கு இசக்கிராஜ் தீ வைக்கக் கூடாது. ஊர் அவனைப் பார்த்து ஏன் என்று கேட்க வேண்டும்.

குருவம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

"மனசு அடங்கணும் அம்மா. பற்று விடணும். வர்ற பௌர்ணமிக்குக் காவி குடுங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சீங்களா கொத்தனாரே?"

"பதினோரு மாசம் யோசிச்சேன்."

"எப்படி யோசிச்சீங்க?"

"தினமும்தான். எந்திரிச்சதும் யோசிப்பேன். சாப்பிடும்போது யோசிப்பேன்."

"என்ன பதில் வந்துச்சு?"

"ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். ஒரு நாள்கூட மாறல. அதனாலதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

குருவம்மா சமையற்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"சமையற்கட்டு மேடையை முடிங்க. பிறகு பேசலாம்" என்றார்.

அப்போது சமையற்கட்டில் எட்டடி நீளத்துக்குக் கடப்பாக்கல் மேடை போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு நாளில் முடித்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு முழுதாக நானே செய்த வேலை. இரண்டு முறை துடைத்துவைத்தேன்.

மறுநாள் காலையிலேயே சமையல்காரர் சுடலைமுத்து கத்தினார்.

"ஓய் கொத்தனாரே! உம்ம மேடை என்னவே, அருவியா?"

"என்ன ஆச்சு?"

"தண்ணி சிந்தினா நான் நிக்கற பக்கமே ஓடி வருது. காலையிலேருந்து மூணு வேட்டி மாத்திட்டேன். நாலாவது வேட்டி உம்மதுதான், குடும்."

"நீர் சிந்தாம சமையும்."

"சிந்தாம சமைக்கிறவன் ஏன்வே மடத்துல சமைக்கான்?"

"கல்லுல ஒரு குத்தமும் இல்ல. கட்டடமே மேற்க இறங்கியிருக்கும். தரை போட்டவனைப் போய்க் கேளும்."

"அவன் செத்து முப்பது வருசம் ஆச்சு!"

சத்தம் கேட்டுக் குருவம்மா வந்தார். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து மேடையின் நடுவில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சமும் தயங்காமல் மேற்கே ஓடிச் சுடலைமுத்துவின் காலில் விழுந்தது.

"நாலாவது" என்றார் சுடலைமுத்து.

 ஓடிப்போய் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்தேன். ஆணியில் மாட்டுகிற ஓட்டை வலது கைப் பக்கம் இருக்கும்படிதான் எப்போதும் அதைப் பிடிப்பேன். அப்படியே கல்லின்மேல் வைத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி நடுவில் வந்து நின்றது.

"பாத்துக்கிடுங்க அம்மா. மட்டமா இருக்கு."

"இன்னொரு தடவை வைங்க."

வைத்தேன். குமிழி நடுவிலேயே நின்றது. இரண்டடி தள்ளி வைத்தேன். அங்கேயும் அப்படித்தான்.

"நூறு தடவை வச்சாலும் இதான் வரும்" என்றேன்.

"வரும்" என்றார் குருவம்மா. "புதுசா ஒண்ணு வாங்கும்போது கடையில எப்படிச் சோதிப்பீங்க?"

"அது சுலபம். ஒரு இடத்துல வச்சுப் பார்ப்போம். அதே இடத்துல முனை மாத்தித் திருப்பி வச்சுப் பார்ப்போம். ரெண்டு தடவையும் குமிழி ஒரே மாதிரி..."

அதற்குள் என் கை ரசமட்டத்தை எடுத்துவிட்டது.

ரசமட்டத்தைத் திருப்பி வைத்தேன். குமிழி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

போன மழைக்காலத்தில் மடத்துச் சுவர் விரிசலை அடைக்க ஏறியபோது அது சாரத்திலிருந்து கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை என்று சந்தோஷப்பட்டு, அது உள்ளே சாய்ந்துபோனதைப் பார்க்காமல் அப்படியே எடுத்துப் பையில் போட்டிருந்தேன். நாற்பத்தைந்து வருடம் கொத்து வேலை பார்த்தவன் நான். சின்னப் பயல்கள்கூடத் திருப்பிப் பார்ப்பார்கள்.

சுடலைமுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு வெளியே போய்விட்டார். சொல்லியிருக்கலாம்.

கல்லைப் பெயர்த்து, டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து மறுபடி பதித்தேன். அதற்கு மூன்று நாள் ஆனது.

முடித்த அன்று மதியம் குருவம்மா வேப்ப மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"காவி விஷயம் அம்மா."

"சொல்லுங்க."

"நான் சொன்ன காரணம் நிசமில்ல."

அவர் நிமிரவில்லை. சன்ஷேடு விழுந்ததிலிருந்து ஆட்டோவில் வந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் கொள்ளி விஷயத்தையும் சொன்னேன்.

"அப்ப, காவி இசக்கிராஜுக்குத் தண்டனை."

"ஆமா அம்மா."

"பதினோரு மாசமும் அதைத்தான் யோசிச்சீங்க."

"அதைத்தான்."

"எந்தப் பக்கம் நின்னு யோசிச்சீங்க?"

"என் பக்கம்தான். வேற எங்க நிக்கிறது?"

அவர் ஆய்ந்த கீரையைத் தட்டில் வைத்தார்.

"பௌர்ணமி முடிஞ்சு மறுநாள். இசக்கிராஜ் எங்கேயோ வேலையில இருக்கான். ஒருத்தர் வந்து, உங்கப்பா காவி வாங்கிட்டார்னு சொல்றார். அவன் என்ன செய்வான்?"

"அழுவான்" என்றேன் உடனே.

"அப்புறம்?"

அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஆறு வருடமாக அந்த முகத்தை எனக்கு எதிரில்தான் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் சாரத்தில் நிற்பதையும், கீழே நின்று ஒருவர் சேதி சொல்வதையும் நினைத்தேன். அவன் பூச்சுக் கரண்டியைக் கீழே வைப்பான். முகத்தைத் துடைப்பான். 

அதற்குப் பிறகுதான் எனக்குப் பதில் வந்தது. அது பிடிக்கவில்லை.

"நிம்மதியா மூச்சு விடுவான் அம்மா."

"ஏன்?"

"இனிமே என் முகத்துல முழிக்க வேண்டாம். ஊர்ல கேட்டா, அப்பா எல்லாத்தையும் துறந்துட்டார்னு சொல்லிக்குவான். பெருமையாக்கூடச் சொல்லுவான்."

குருவம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஆனாலும் குரல் அவரிடம்தான் உயர்ந்தது.

"அப்ப அவன் செஞ்சது தப்பில்லையா?"

"தப்புதான்."

"அந்தப் பதினெட்டுப் பேருக்கு முன்னால என் பேரைச் சொன்னான். கட்டையை எடுத்தது நான்தான்னு அவன் என்கிட்ட வந்து சொல்ல வேண்டாமா?"

"சொல்லணும்."

"நான் அதை விட்டுக் குடுக்க மாட்டேன் அம்மா. செத்தாலும் விட மாட்டேன்."

"சரி."

"என்ன சரிங்கிறீங்க? காவி உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

குருவம்மா முதல்முறையாகக் கீரையிலிருந்து கையை எடுத்தார்.

"கேட்டா தர்றேன் கொத்தனாரே. ஆனா காவி வாங்கினவருக்கு மகன் கிடையாது. அப்புறம் அவன் யார்கிட்ட வந்து சொல்லுவான்?"

எதிரில் இருந்த கீரையை ஆயத் தொடங்கினேன். அந்தப் பௌர்ணமிக்குக் காவி கேட்கவில்லை.

இசக்கிராஜ் இன்னும் வரவில்லை.