வெறுங்கைத் தொட்டி

வூஹான் நகரில், ஆற்றை ஒட்டிய பழைய நூல் ஆலை ஒன்றில் ஹான் போ புது நடனம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஆடப்போகிற பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட நடனம் பயின்றவர் இல்லை. பஸ் டிரைவர், தையல்காரர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், எதிர்ச் சந்தையில் உயிர்மீன் விற்கும் பெண்மணி பெங் என்று எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள்.

லியாங் சூ அப்படியல்ல. பெரிய நடனக் குழுவொன்றில் இருபது வருடம் முன்வரிசையில் ஆடியவள். முழங்கால் கைவிட்டதும், நடனம் அமைக்கக் கற்றுக்கொள்ள ஹான் போவிடம் வந்தாள். குருவைவிடச் சிஷ்யைக்கு நான்கு வயது அதிகம். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசிரியர் என்பாள். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

அன்று மதியம் லியாங் ஒரு காகிதத்தை நீட்டினாள். போஸ்டரில் போட வேண்டிய பெயர்கள். மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பன்னிரண்டில் ஒரு பெயரை அடித்திருந்தாள்.

"பெங்கை எடுத்துடலாம், ஆசிரியரே."

"ஏன்?"

"தொட்டி தூக்குற இடத்துல பாதியில நின்னுடறாங்க. நேத்து ஏழாவது எண்ணிக்கையில நின்னாங்க. இன்னைக்கு அஞ்சுல. அஞ்சு வாரமாச் சொல்லிக் குடுத்தாச்சு."

பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு தொட்டி இருப்பதுபோல வெறுங்கையால் தூக்கி, திரும்பி, பக்கத்தில் வைப்பதுதான் அந்த இடம். நடனத்துக்கே அதுதான் மையம். எட்டு எண்ணுவதற்குள் முடிய வேண்டும் என்று வகுத்தவள் லியாங்.

"அவங்க இடத்துல யாரு?"

"நான் ஆடறேன். இந்த அளவுக்கு முழங்கால் தாங்கும். எட்டுக்குள்ள சுத்தமா முடிப்பேன்."

ஹான் போ காகிதத்தை வாங்கவில்லை. கூடத்தின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே பெங், உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைத்திருந்த ஒன்று முதல் எட்டு வரையான எண்களை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நடன நாளன்று சந்தையில் மீன்கடைக்காரர்கள் எல்லாரும் சீக்கிரமே கடையடைத்துவிட்டு, பெங் ஆடுவதைப் பார்க்க வரப்போவதாகப் பேச்சு. முந்தின நாள்தான் பெங் அதைச் சொல்லியிருந்தார்.

"பெங் அக்கா, கடையிலேருந்து ஒரு தொட்டி கொண்டுவர முடியுமா?"

"மீனோடயா, மீன் இல்லாமலா?"

"மீனோட."

பஸ் டிரைவரும் கூடப் போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். பாதி தண்ணீர், இரண்டு கெண்டை.

"அஞ்சு வாரமா நான் வெறும் காத்தைத் தூக்கிட்டிருந்தேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் டிரைவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"லியாங் அக்கா, எட்டுக்குள்ள முடிச்சுக் காட்டுங்க" என்றார் ஹான் போ.

லியாங் குனிந்தாள். ஒன்று, இரண்டில் தூக்கினாள். மூன்று, நான்கில் நிமிர்ந்தாள். முதுகு நேராக இருந்தது, கழுத்து நீண்டிருந்தது. ஐந்தில் திரும்பினாள். தண்ணீர் திரும்பவில்லை. விளிம்பைத் தாண்டி அவளது துணிச் செருப்பு முழுக்கக் கொட்டியது. ஒரு கெண்டை தரையில் விழுந்து துள்ளியது. தையல்காரர் அதைத் துரத்திப் பிடித்தார்.

பெங் ஓடிவந்து தொட்டியைத் தாங்கிக்கொண்டார். "பொறுங்க டீச்சர். தண்ணி இன்னும் அந்தப் பக்கம் போய்ட்டிருக்கு. போனது திரும்பி வரணும். வந்து நின்னப்புறம்தான் நாம திரும்பணும்."

"எவ்வளவு நேரம்?"

"அது மீனைப் பொறுத்தது. பெரிய மீன்னா லேசுல அடங்காது."

லியாங் அவரையே பார்த்தாள்.

"அதான் நடுவுல நின்னீங்களா? இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?"

"நீங்க எண்ணச் சொன்னீங்க. என் எண்ணிக்கைதான் தப்புன்னு நெனச்சேன்." பெங் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஈரத்தில் மை கலைந்து, எட்டு மட்டும் மிச்சமிருந்தது. "எங்க தெருப் பள்ளிக்கூடத்துலயும் என்னை இதுக்குத்தான் அடிப்பாங்க."

டிரைவர் சிரித்தார். லியாங் சிரிக்கவில்லை.

தொட்டியை ஓரமாக வைத்தார்கள். தரையைத் துடைத்தார்கள். லியாங் ஹான் போவிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"புரியுது ஆசிரியரே. ஆனா மேடையில தண்ணி கிடையாது, தொட்டியும் கிடையாது. மத்த பதினொரு பேரு எதைப் பார்த்து நிப்பாங்க? எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹான் போ பெங்கின் பக்கம் திரும்பினார்.

"பெங் அக்கா, இன்னொரு தடவை. வெறுங்கையோட. எண்ண வேண்டாம். எல்லாரும் அவங்களோட சேர்ந்துக்குங்க."

பெங் ஈரக்கையை இடுப்புத்துணியில் துடைத்துவிட்டு, கூடத்தின் நடுவே லியாங்குக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றார். குனிந்தார். தூக்கினார். தோள் ஒருபக்கம் இறங்கியது. பாதியில் நின்றார். அவருடன் பதினொரு பேரும் நின்றார்கள். யாருடைய உதடும் அசையவில்லை. ஓரத்துத் தொட்டியில் ஒரு கெண்டை வாலை அடித்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெங் திரும்பினார்.

லியாங் சட்டென்று வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஹான் போ அந்தக் காலைப் பார்த்தார்.

"தண்ணி இல்லைன்னா காலை ஏன் இழுத்தீங்க, அக்கா?"