இலை உருவிய கரடி

மழை பொய்த்த ஒரு காட்டில், தாய்க்கரடி ஒன்று தன் குட்டியோடு பசியில் அலைந்தது. கறையான் புற்றுகள் காலியாகிவிட்டன. ஓடைக்கரையில் நின்ற ஒரே ஒரு பலா மரத்தில் மட்டும் பிஞ்சுகள் தொங்கின.

"இவை பழுத்துவிட்டால் என் குட்டி பிழைத்துக்கொள்ளும்" என்று கரடி மரத்தடியிலேயே காத்துக் கிடந்தது.

மந்தையிலிருந்து தப்பிய வெள்ளாடு ஒன்று அங்கே வந்தது. பலா இலை என்றால் அதற்கு உயிர். ஆனால் கிளைகள் எட்டவில்லை.

"கரடியக்கா, பிஞ்சுகள் ஏன் பழுக்கவில்லை தெரியுமா? வேர் அனுப்பும் இனிப்பையெல்லாம் இலைகளே குடித்துவிடுகின்றன. அவற்றைப் பறித்துப் போடு. சீக்கிரமே பழம் கிடைக்கும்!" என்றது.

மரப்பொந்தில் இருந்த மரங்கொத்தி பதறிப்போய்த் தலையை நீட்டியது.

"நம்பாதே அக்கா! வேர் உறிஞ்சுவது தண்ணீரைத்தான். இலைதான் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து, வெயிலின் பலத்தால் சர்க்கரை ஆக்குகிறது. காய்க்குப் போவது அந்தச் சர்க்கரைதான்."

"காற்றிலிருந்து சர்க்கரையா?" வெள்ளாடு சிரித்தது. "அப்படியானால் இந்தக் குட்டியும் வாயைத் திறந்து காற்றைக் குடிக்கட்டுமே!"

குட்டி பசியில் முனகியது. கரடிக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் ஏறி, கிளை கிளையாக இலைகளை உருவிப் போட்டது. வெள்ளாடு கீழே நின்று வயிறு புடைக்கத் தின்றது.

மரம் உடனே சாகவில்லை, குழந்தைகளே. தனக்குள் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையைச் செலவழித்துப் புதுத் தளிர் விட்டது.

"பார்த்தாயா, திருடர்கள் மறுபடியும் முளைத்துவிட்டார்கள்!" என்றது வெள்ளாடு.

கரடி தளிர்களையும் பறித்தது.

அதன்பின் மரம் துளிர்க்கவே இல்லை. பிஞ்சுகள் கறுத்துச் சுருங்கி உதிர்ந்தன. கரடி ஒரு பிஞ்சைப் பிளந்து குட்டியின் வாயில் வைத்தது. உள்ளே துளி இனிப்பு இல்லை. பிசின்தான் நாக்கில் ஒட்டியது. குட்டி அதைத் துப்பிவிட்டு, தாயின் மடியில் சுருண்டு படுத்தது. விடிந்தபோது அது கண் திறக்கவில்லை.

கரடி அதை நக்கி நக்கி எழுப்பிப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து, "எங்கே பழம்? எங்கே பழம்?" என்று காடு அதிரக் கத்தியது.

பதில் சொல்ல வெள்ளாடு அங்கே இல்லை. கடைசித் தளிரைத் தின்று முடித்த அன்றே அது வேறு காட்டுக்குப் போய்விட்டது.

நீதி: ஒருவர் யோசனை சொன்னால், அதனால் யாருடைய வயிறு நிறையும் என்று முதலில் பார்க்க வேண்டும்.