கையெழுத்துப் போடாதவரையும் கட்டும்

நாங்கள் கொடி பிடித்து வாங்கிய கேன்டீனை மில்காரர்கள் முதலில் மூடினார்கள். அடுத்து மருந்தறையைப் பூட்டினார்கள். மூன்றாவதாக, நூல் சுற்றும் பிரிவில் ஒருவரைக் குறைக்கச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, இருபது வருடம் உழைத்த செண்பகவடிவைப் போகச் சொன்னார்கள்.

"நான் கையெழுத்தே போடலையே சார்?"

"சங்கம் போட்டா அந்த ஒப்பந்தம் எல்லாரையும் கட்டும்மா," என்றார் மேனேஜர்.

"சங்கத்துல இல்லாதவங்களையும்?"

"கட்டும்."

"புதுசா வந்தவங்களையும்?"

"எல்லாரையும்னா எல்லாரையும்தான்!"

"கடைசியா சேர்ந்தவர்தான் முதல்ல போகணும்னு அதே ஒப்பந்தத்துல இருக்கே. அந்தப் பேரை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க சார்."

நாற்பது பேர் சுற்றி நின்றோம். மேனேஜர் பிரிவுப் பட்டியலைப் புரட்டி, போன மாதம் சேர்ந்த தன் மைத்துனன் பெயரை வாசித்தார்: "சு. பரஞ்சோதி."